தாருவின் பிறந்தநாளும் மச்சாள் சொன்ன கதையும்

ஒக்டோபர் 7, செவ்வாய்

காலையிலிருந்து மழை. பல்கனியில் காயப்போட்டதெல்லாம் இப்போது கதிரைகளின் முதுகில். வீடு முழுக்க ஈரத்துணி வாசம். ஃபேன் சுற்றுகிறது, எதுவும் காயவில்லை.

ஞாயிறு தாருவுக்கு ஒரு வயது. செய்ய வேண்டியவை:
கேக் ஓடர், ஐசிங் குறைவாக.
மேல்மாடி ஹோலுக்கு செக்யூரிட்டியிடம் சொல்ல.
பற்றிஸ், கட்லட். ஸ்டெல்லா அண்ணி உதவிக்கு வருவாங்க.
தாருவுக்குச் சட்டை.
மச்சாளிடம் வாயைக் கொடுக்காமல் இருக்க.

கடைசி விஷயம் இன்றைக்கே தவறிவிட்டது.

மச்சாள் வந்தாள். (இந்தக் கொப்பியில் மட்டும்தான் வந்தாள், போனாள். நேரில் "வாங்கோ மச்சாள்".) கஜனின் அக்கா. இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறாள், அதைவிடத் தள்ளி இருந்திருக்கலாம். ஈரக் குடையோடு உள்ளே வந்து நிலமெல்லாம் தண்ணீர். தாரு அப்போதுதான் நித்திரையாகியிருந்தாள். அவளை எழுப்பி, ஜன்னல் பக்கம் தூக்கிக்கொண்டு போய், நாடியைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். கடையில் சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல.

"நிறம் கொஞ்சம் வந்திருக்கு. இன்னும் வெளுப்பாள்."

அவள் வெளுக்கத் தேவையில்லை மச்சாள் என்றேன். அதற்கு ஒரு சிரிப்பு. பிறகு வேலை தொடங்கினாள். பலூன் எல்லாம் ரோஸ் நிறம். சாப்பாட்டுக்கு முதல் ஆரத்தி. கேக் வெட்டும்போது கஜனுக்கு வலப்பக்கம் தான், இடப்பக்கம் நான். ஆட்களுக்குச் சொல்கிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். "உமக்கு ஏன் கரைச்சல். எங்கட ஆக்களுக்கு நான் சொல்லிப்போடுறன்."

சரி என்றேன். ஒரு வேலை குறையட்டும் என்று நினைத்த மடைச்சி நான்.

அவள் போன பிறகு தாரு பிற்பகல் முழுக்க அழுகை. நித்திரை கலைந்த பிள்ளை. தோளில் போட்டுக்கொண்டு நடந்து நடந்து என் இடுப்பு போய்விட்டது. பின்னேரம் கஜன் வந்து, "என்ன, முகம் இப்படி?" என்றார். நிலத்தைத் துடைக்கச் சொன்னேன்.


ஒக்டோபர் 9, வியாழன்

வெயில். மழைக்குப் பிறகு வரும் அவிச்சல். பொரளையில் கிளினிக்கில் அரை நாள் வேலை. பல் டொக்டருக்கும் இன்றைக்கு யாரையோ கடிக்க வேண்டும் போல, என்னைக் கடித்தார்.

வரும் வழியில் சட்டை வாங்கினேன். தீபாவளி சேல், காலி வீதியில் நடக்க இடமில்லை. கடைக்காரப் பெண் வயது கேட்டாள், "அவுருது கீயத?" "எக்காய்", ஒன்று என்றேன். அவள் உடனே ரோஸ் நிறத்தை எடுத்து விரித்தாள். உலகம் முழுக்க மச்சாளோடு கூட்டு. மஞ்சள் வாங்கினேன், சின்ன வெள்ளைப் பூப் போட்டது.

வீட்டுக்கு வந்தால் கஜன் ஒரு மாதிரி. ரீ ஊற்றிக் கொடுத்தார். அவராக ரீ ஊற்றினால் பின்னால் ஏதோ வருகிறது. வந்தது. ஹோல் சின்னது, அக்காவின் ஆட்களே நிறையப் பேர், அதனால் கொட்டாஞ்சேனைக்காரரை அடுத்த கிழமை தனியாகக் கூப்பிடலாமா என்று அக்கா கேட்டாவாம்.

கொட்டாஞ்சேனைக்காரர் என்றால் என் அண்ணன், ஸ்டெல்லா அண்ணி, அவர்களின் இரண்டு பிள்ளைகள். ஹோலை நிரப்பப் போகிற படை.

ஒரு நாள்தானே, அக்காவைச் சமாளிப்பம் என்கிறார். பன்னிரண்டு வருஷமாக ஒரு நாள்தானே. கல்யாணத்தன்றும் அதுதான். என் அப்பா ஹட்டனிலிருந்து இறங்கி வந்து செட்டியார் தெருவில் கடையில் நின்றவர் என்பதை மச்சாள் தன் ஆட்களுக்கு "பிஸ்னஸ்" என்று சொன்னாள். அப்பா அதைக் கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, இன்றுவரை.

அண்ணன் வருவார், இல்லாவிட்டால் நானும் பிள்ளையும் ஹோலுக்கு வரமாட்டோம் என்றேன். கஜன் கோப்பையைக் கழுவப் போனார்.

கஜனை எனக்கு விளங்காமல் இல்லை. தாய் சாகும்போது அவருக்கு ஏழு வயது. அதன் பிறகு சமைத்துப் போட்டது, படிக்க வைத்தது, ஊரில் யுத்தம் நடந்த நேரம் கையில் பிடித்துக் கொழும்புக்குக் கொண்டுவந்தது எல்லாம் அக்கா. தம்பி வேலைக்குப் போன பிறகுதான் அவள் கல்யாணமே செய்தாள். மனுஷன் இப்போதும் அக்காவின் சத்தம் கேட்டால் காலை மடக்கி உட்காருகிறார். விளங்குகிறது. ஆனால் விளங்குவதும் பொறுப்பதும் ஒன்றில்லை.

மஞ்சள் சட்டையைத் தாருவுக்குப் போட்டுப் பார்த்தேன். சரியான அளவு. தாருவைத் தத்தெடுத்த அன்று கோர்ட்டில் பார்த்த பெண், அவளைப் பெற்றவள், போட்டிருந்ததும் மஞ்சள்தான், மஞ்சள் சுடிதார். கடையில் நிற்கும்போது அது ஞாபகம் வரவில்லை, இப்போது வருகிறது.

பத்தொன்பது இருக்கும் அவளுக்கு. நீதவான் கேட்க "சம்மதம்" என்றாள். கேட்கவில்லை என்று திரும்பச் சொல்லச் சொன்னார்கள். திரும்பவும் சொன்னாள், கொஞ்சம் சத்தமாக. வெளியே கோர்ட் கேட்டடியில் எங்களைக் கண்டு நின்றாள். தாரு என் கையில். அவள் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள். "சப்பாத்து பெருசா இருக்குங்க" என்றாள். வளர்ந்திருவா என்றேன். தலையாட்டினாள். அவ்வளவுதான், பஸ்ஸுக்குப் போய்விட்டாள். தாரணி என்பது அவள் வைத்த பெயர். மச்சாள் மாற்றச் சொன்னாள். நான் மாற்றவில்லை.


ஒக்டோபர் 11, சனி

எழுத்து கோணல்.

காலையில் ஸ்டெல்லா அண்ணி வந்து பற்றிஸுக்கு மா குழைத்தாங்க. மீன் போதாமல் நான் கீழே இறங்கினேன். லிஃப்டில் நாலாம் மாடி கனகா அன்ரி. நல்ல மனுஷி, வாய் மட்டும் நீளம். என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினா.

"ராஜேஸ் போன்ல சொன்னவ. பாவம், அந்தக் கிளிநொச்சிப் பெட்டை. பிள்ளைப்பேறோட போயிட்டாளாமே. சொந்தத்துப் பிள்ளையை எடுத்து வளர்க்கிறியள், உங்களுக்குப் புண்ணியம்."

ராஜேஸ் என்றால் மச்சாள். எந்தப் பெட்டை என்று கேட்டேன். கஜனின் சித்தப்பாவின் மகள், தாருவைப் பெற்றுவிட்டுச் செத்துப் போனவள் என்று எனக்கே விபரம் சொன்னா. லிஃப்ட் கீழே வந்து கதவு திறந்து மூடி, திரும்ப மேலே போகத் தொடங்கிவிட்டது. மீன் வாங்கவில்லை.

கஜன் ஹோலில் பலூன் ஊதிக்கொண்டிருந்தார். ரோஸ் நிறம். கேட்டேன். வாயில் இருந்த பலூனை எடுக்காமல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிட்டது, இது மச்சாளின் கதை மட்டும் இல்லை.

கஜன்தான் முதலில் சொல்லியிருக்கிறார். ஒபிசில். பிள்ளை யாரின் பிள்ளை என்று கேட்டவர்களுக்கு, வன்னிப் பக்கம் தூரத்துச் சொந்தம், தாய் இல்லை என்று. பிறகு அக்காவிடம், மற்ற ஆட்களுக்கு இப்படிச் சொல்வோமா என்று கேட்டிருக்கிறார். அவள் அதற்குக் கை கால் வைத்து, சித்தப்பாவைக் கொண்டுவந்து, பிள்ளைப்பேற்று வார்டு வரைக்கும் கட்டிவிட்டாள்.

ஏன் என்றேன். ஆக்கள் நோண்டுவினம், பிள்ளைக்குத்தான் பிறகு கஷ்டம் என்கிறார். பிள்ளைக்கா, உங்களுக்கா என்றேன். பலூனை முடிச்சுப் போட்டார்.

எனக்குத் தாங்காதது பொய் மட்டும் இல்லை. கேட்டடியில் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற பெண்ணை இரண்டு பேரும் சேர்ந்து சாகடித்துவிட்டார்கள். பத்தொன்பது வயதுப் பெண்ணை. இந்த யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு அவள் மலையகத் தோட்டத்தில் பிறந்தவள் என்பது வெட்கம், செத்தால் மரியாதை.

நாளைக்கு மட்டும் விட்டுவிடச் சொன்னார். கைகூப்பாத குறை. நானாக எதையும் சொல்லமாட்டேன், ஆனால் யாராவது என்னை நேரே கேட்டால் பொய் சொல்லமாட்டேன் என்றேன். "ஒருத்தரும் உம்மட்டைக் கேக்காயினம்" என்றார், ஏதோ ஆறுதல் சொல்வதுபோல.

இனி இந்தக் கொப்பியில் அவர் க. முழுப் பெயர் எழுத மனம் இல்லை.

பற்றிஸ் மரக்கறியில் செய்தோம். அண்ணிக்கு எதுவும் சொல்லவில்லை. வெங்காயம் வெட்டியதால் என் கண்ணைப் பற்றி அவங்களும் கேட்கவில்லை.


ஒக்டோபர் 13, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

பின்னேரம் ஐந்துக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வெக்கை. கடல் பக்க ஜன்னல்களைத் திறந்தால் பலூன் பறக்கிறது, மூடினால் மூச்சு முட்டுகிறது. மச்சாள் பட்டுச் சேலை, வாசலில் நின்று வரவேற்பு. தன் வீட்டு விசேஷம்போல. அண்ணன் குடும்பத்தைக் கடைசி வரிசையில் கதிரை காட்டி இருத்தினாள். அண்ணன் நேராக எழும்பி வந்து முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அண்ணனை எனக்கு அந்த நிமிஷம் மிகவும் பிடித்தது.

தாரு மஞ்சள் சட்டையில். "ரோஸ் எண்டல்லோ சொன்னனான்" என்று மச்சாள் என் காதுக்குள். ஆரத்தி எடுத்தார்கள். தாரு சுவாலையைப் பிடிக்கப் போனாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். அதுவரை நல்லாத்தான் போனது.

பிறகு மச்சாள் ஒரு பெட்டியைத் திறந்து பிள்ளைக்குத் தங்கச் சங்கிலி போட்டாள். தாருவுக்கு மாமி முறை என்று பரிசு. போட்டோ. அந்தக் கையோடு ஆட்களைப் பார்த்து ஒரு சின்னப் பேச்சு. தாயில்லாப் பிள்ளை, எங்கள் இரத்தம், எங்கள் குடும்பம் கைவிடவில்லை, கடவுள் கஜனுக்கு ஒரு வழி காட்டினார். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். தாயில்லாப் பிள்ளையை நான் இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

இதெல்லாம் இப்படியே முடிந்திருக்கும், பெரியப்பா இல்லாவிட்டால். க.வின் பெரியப்பா கொக்குவிலில் இருப்பவர், கண் ஒப்பரேசனுக்கு வந்து மச்சாள் வீட்டில் தங்கியிருக்கிறார். ஒரு கண்ணில் கட்டு. காது அரைவாசிதான். ஆனால் குடும்பத்தில் யாருக்கு யார் பிறந்தது என்பது அவருக்கு மனப்பாடம். அவர் சத்தமாகக் கேட்டார், காது கேட்காதவர்கள் கேட்பதுபோல.

"எந்தச் சித்தப்பா? கிளிநொச்சியானோ? அவனுக்கு ரெண்டும் பெடியள் அல்லோ. மகள் எங்கையிருந்து வந்தது?"

யாரோ இருமினார்கள். மச்சாள் அவருக்கு மறதி என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். பெரியப்பாவுக்கு அது கேட்டுவிட்டது, அது மட்டும். கோபத்தில் கைத்தடியை ஊன்றி எழும்பி என்னிடம் திரும்பினார்.

"பிள்ளை, நீர் சொல்லும். ஆரின்ர பிள்ளை இது?"

க.வைப் பார்த்தேன். கேக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு மேசை விரிப்பைப் பார்க்கிறார். அவர் வாய் திறக்கட்டும் என்று காத்திருந்தேன். உண்மையில் காத்திருந்தேன்.

"என்ட பிள்ளை, பெரியப்பா. பெத்தது வேற ஒரு பொண்ணு. ஹட்டன் பக்கம் தோட்டம். அவ உயிரோடதான் இருக்கிறா."

பெரியப்பா கட்டுப் போடாத கண்ணால் தாருவைப் பார்த்தார். "அப்ப சரி" என்றார். உட்கார்ந்தார். அந்தப் பற்றிஸ் இன்னும் இருக்கிறதா என்று அண்ணியைக் கேட்டார்.

வேறு யாருக்கும் சரியாக இருக்கவில்லை. க. தலை நிமிராமல் "கேக் வெட்டுவம்" என்றார். வெட்டினோம். பாட்டு ஒருவரும் சரியாகப் பாடவில்லை, அண்ணனின் பிள்ளைகள் இரண்டும் மட்டும் தொண்டை கிழிய. மச்சாள் கேக் சாப்பிடவில்லை, கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அவள் பின்னால் ஒவ்வொருவராக. நாளைக்கு ஒபிஸ், பஸ் இல்லை, தலையிடி. படியில் ஒரு பெண் குரல், யார் என்று தெரியவில்லை: "அவளும் அந்தப் பக்கம்தானே, தோட்டக்காடு. தங்கட ஆக்களாப் பாத்து எடுத்திருக்கிறாள்."

கனகா அன்ரி மட்டும் கடைசிவரை இருந்து கோப்பைகளை அடுக்கினா. என் முகத்தைப் பார்க்கவில்லை. தாய் செத்துவிட்டாள் என்று அழுதவ, இருக்கிறாள் என்றதும் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றா.

தாரு ஐசிங் பூவைத் தலையில் தேய்த்துக்கொண்டு நல்ல சந்தோஷம். அவளுக்கு மட்டும் நல்ல பிறந்தநாள்.

நானும் க.வும் இன்னும் கதைக்கவில்லை. நீர் இப்படிச் செய்வீர் என்று நான் நினைக்கேல்லை என்றார், ஒரே ஒரு தரம். செய்வேன் என்று சொல்லித்தான் செய்தேன் என்றேன்.


ஒக்டோபர் 14, செவ்வாய்

போயா விடுமுறை அல்ல, பண்டிகை அல்ல, ஆனால் வீடு செத்த வீடுபோல. வானம் மப்பு. மழை வராது, வெயிலும் வராது.

மச்சாள் போன் எடுத்தாள். க.வுக்கு. அவர் ஒபிஸ் போகாமல் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கத்துச் சத்தம் எனக்கும் கேட்டது. சங்கிலி அம்மாவின் சங்கிலியாம். எங்கள் பிள்ளைகளுக்கு என்று வைத்ததாம். லண்டனில் இருக்கிற தன் மகனுக்குப் பிள்ளை பிறந்தால் போட வேண்டுமாம். க. "ஓம் அக்கா, ஓம்" என்றார்.

அவர் என்னிடம் கேட்கும் முதலே தாருவின் கழுத்தில் இருந்து கழற்றினேன். கொக்கி பட்டு ஒரு இடம் சிவந்திருந்தது. அவர் உள்ளங்கையில் வைத்தேன். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாங்கோ, நாங்கள் கொட்டாஞ்சேனைக்குப் போகிறோம் என்றேன்.

அவர் மறிக்கவில்லை. மறித்திருந்தால் இன்னும் கோபம் வந்திருக்கும். மறிக்காததும் கோபம்தான்.

பை ஒன்று. நாப்பி, பால்மா, இரண்டு போத்தல், மருந்து, இந்தக் கொப்பி. பிள்ளையின் குடையை மறந்துவிட்டேன்.


ஒக்டோபர் 15, புதன்

கொட்டாஞ்சேனை. அண்ணன் வீடு ஆட்டுப்பட்டித் தெருவுக்கு உள்ளே, இரண்டு அறை. பக்கத்துக் கோயில் மணியும் அந்தப் பக்கத்துச் சேர்ச் மணியும் மாறி மாறி. தாரு ஒவ்வொரு மணிக்கும் திடுக்கிட்டு, பிறகு இளித்து.

இங்கே வந்தால் நிம்மதி என்று நினைத்தேன். அண்ணன் நேற்றுப் பின்னேரம் முழுக்கப் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, "நம்ம தங்கச்சி நல்லாக் கொடுத்திட்டா அந்த யாழ்ப்பாணத்தாளுக்கு" என்று கதை. ஒவ்வொரு தரமும் நான் பேசிய பேச்சு நீண்டுகொண்டே போகிறது. இப்போது நான் மேசையில் கையால் அடித்தேனாம்.

இன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது, "இது நம்ம ஆளுங்க புள்ள. நம்ம ரத்தம். நாமதான் பாத்துக்கணும்" என்றார்.

எனக்கு என்ன வந்ததோ. உன் ரத்தமும் இல்ல, என் ரத்தமும் இல்ல அண்ணே, எல்லாரும் எதுக்கு இந்தப் புள்ளையோட ரத்தத்த எடுக்க நிக்கிறீங்க என்றேன். அண்ணன் கை சோற்றில் நின்றுவிட்டது. பன்னிரண்டு வருஷம் வெள்ளவத்தையில் அந்த யாழ்ப்பாணத்து ஆளுங்களுக்கு நடுவுல இருந்து அவள் அவங்க ஆளாகவே மாறிட்டா என்று அண்ணியிடம் முணுமுணுத்தார்.

அங்கே நான் தோட்டக்காடு. இங்கே நான் வெள்ளவத்தை.

அண்ணி தாருவைத் தூக்கிக்கொண்டு போய் வாளியில் உட்கார வைத்துக் குளிப்பாட்டினாங்க. அவங்க மட்டும் இந்தப் பிள்ளை யார் பக்கம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனால் கறிக்கு உப்பு போடத் தெரியாது, அதையும் எழுதத்தான் வேண்டும்.

க. மூன்று தரம் போன். எடுக்கவில்லை.


ஒக்டோபர் 17, வெள்ளி

மழை, இடி. ரோட்டில் கணுக்கால் தண்ணீர்.

அந்தத் தண்ணீரில் க. வந்தார், காற்சட்டையை மடித்துக்கொண்டு. கையில் தாருவின் குடை. அண்ணன் கதவைத் திறந்து, வாங்க என்றும் சொல்லாமல் போங்க என்றும் சொல்லாமல் நகர்ந்தார். தாரு க.வைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினாள். பிள்ளைக்கு மானமே இல்லை. நான் கொடுக்கவில்லை. துடைத்துவிட்டுத் தூக்குங்கள் என்றேன்.

துடைத்துவிட்டு உட்கார்ந்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். முதல் தரம் ஒபிசில் கேட்டபோது யோசிக்காமல் வாயில் வந்துவிட்டதாம். "தாய் இல்லை எண்டு சொன்னவுடன ஒருத்தரும் மேல கேக்கேல்லை. அது லேசா இருந்தது, சுபா. ரெண்டாந்தரம் அதைவிட லேசு." அக்காவுக்குப் பயம்தான் என்றார். அதைவிட, அந்தப் பெண் ஒரு நாள் திரும்பி வந்து கேட்பாளோ என்று பயம் என்றார். செத்தவள் வரமாட்டாள்தானே.

இது எனக்குத் தெரியாது. இந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. ஆனால் நான் ஒருவரையும் சாகடிக்கவில்லை.

நான் எதுவும் கேட்கவில்லை. அவராகப் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு அக்காவைக் கூப்பிட்டார். அண்ணன் டிவி சத்தத்தைக் குறைத்தார். ஒபிசில் எல்லாருக்கும் உண்மையைச் சொல்லிவிட்டேன், இனி நீங்களும் அந்தக் கதையைச் சொல்ல வேண்டாம் என்றார் க.

மச்சாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு வசதி. அழுதாள். அழுதுகொண்டே, ஊர் பேர் தெரியாத ஒன்றுக்காக அக்காவைச் சபையில் தலைகுனிய வைத்தாய் என்றாள். "உன்னை வளர்த்த கையடா இது. அம்மா போன நாளிலையிருந்து என்ர பிள்ளையா வளர்த்தனான்."

க. கண்ணை மூடிக்கொண்டார்.

"ஓம் அக்கா. நீங்கள் என்னைப் பெறேல்லை. வளர்த்தனீங்கள்."

மச்சாள் போனை வைத்துவிட்டாள்.

அண்ணி சோறு போட்டாங்க. சாப்பிட்டார், உப்பில்லாத கறியை. நான் அவரோடு பேசவில்லை. பிள்ளையை மடியில் விட்டேன், அவ்வளவுதான். மன்னித்தேன் என்று யாரும் எழுதக்கூடாது, நான் உட்பட.


ஒக்டோபர் 19, ஞாயிறு

வெள்ளவத்தை. நேற்று வந்தோம். நாளைக்குத் தீபாவளி. வெயில் நல்லாக, துணி எல்லாம் காய்ந்துவிட்டது. தாருவுக்கு மேலே இரண்டு பல் வருகிறது, காண்பதை எல்லாம் கடிக்கிறாள். என் தோளிலும் ஒரு தடம்.

கஜன் மார்க்கெட்டுக்குப் போன நேரம் மணி அடித்தது. கனகா அன்ரி என்று நினைத்துத் திறந்தேன். மச்சாள்.

பழைய பருத்திச் சேலை. முகம் வீங்கி. உள்ளே வரச் சொல்லவில்லை நான், அவளும் வரவில்லை. கஜன் இல்லையோ என்றாள். இல்லை என்றேன். போன் எடுக்கிறானில்லை என்றாள். அதற்கு நான் என்ன சொல்ல. திரும்புவாள் என்று நின்றேன், திரும்பவில்லை. அறைக்குள் தாரு நித்திரை. அந்தப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். நான் கதவை இன்னும் கொஞ்சம் ஒடுக்கினேன்.

மன்னிப்புக் கேட்க வந்தாள் என்று நினைத்தால் அது என் பிழை. கேட்கவில்லை. சபையில் அப்படிச் செய்தது சரியில்லை என்று திரும்பவும் சொன்னாள். நானும் சொல்வதற்கு நிறைய வைத்திருந்தேன். பெயர் மாற்றச் சொன்னது, நிறம், கடைசி வரிசைக் கதிரை, சங்கிலி. வரிசையாக நாக்கில் நின்றது.

அப்போது அவள் வேறு ஒன்று கேட்டாள், கதவு நிலையைப் பார்த்துக்கொண்டு.

"அந்தப் பெட்டை. பெத்தவள். சின்னதோ?"

"பத்தொன்பது இருக்கும்."

"தாய் தகப்பன் இருக்கினமோ? சாப்பாட்டுக்கு வழி இருக்கோ அவளுக்கு?"

தெரியாது என்றேன்.

உண்மையில் தெரியாது. நான் கேட்கவே இல்லை. கேட்டடியில் நின்றபோது வளர்ந்திருவா என்று சொன்னேன், பஸ் ஏற விட்டேன். கிளிநொச்சியில் செத்ததாகச் சொன்னவளுக்காக இவர்களோடு சண்டை பிடித்தேன், ஹட்டனில் இருப்பவள் சாப்பிட்டாளா என்று யோசித்ததில்லை. அதைக் கேட்க இவள் வர வேண்டியிருந்தது. இவள்.

மச்சாள் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியால் இறங்கினாள், கைபிடியைப் பிடித்து, ஒவ்வொன்றாக. கூப்பிடவில்லை நான். கதவைச் சாத்தினேன். பலமாகத்தான். அந்தச் சத்தத்துக்குத் தாரு எழும்பிவிட்டாள், ஒரு மாதிரித் திரும்ப நித்திரையாக்கினேன். இப்போது மறுபடி அழுகிறாள், தூக்கப் போக வேண்டும்